கிண்ணத்தின் வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் தோழிகளுடன் மலையடிவார விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். அங்கே மாலையில் 'சவுண்ட் பாத்' என்று ஒரு நிகழ்ச்சி. பாயில் படுக்கச் சொன்னார்கள். விளக்கைக் குறைத்துவிட்டு, எங்களைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக உலோகக் கிண்ணங்களை வைத்து, தட்டியும் விளிம்பில் கட்டையால் தேய்த்தும் முக்கால் மணி நேரம் ஒலி எழுப்பினார்கள். காரணமே தெரியாமல் எனக்குக் கண்ணீர் வழிந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நடத்தியவர் சில விஷயங்கள் சொன்னார். இவை திபெத்தின் சிங்கிங் பௌல்கள், புத்தர் காலத்திலிருந்து பிட்சுக்கள் தியானத்துக்குப் பயன்படுத்துபவை, தங்கம், வெள்ளி, பாதரசம் உட்பட ஏழு உலோகங்கள் சேர்ந்தவை, ஒவ்வொரு கிண்ணமும் உடலிலுள்ள சக்தி மையங்களான சக்கரங்களில் ஒன்றைத் திறக்கும் என்றெல்லாம். நான் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கி வந்துவிட்டேன். "இதைவிட நம்ம அம்மாவோட வெண்கலப் பானை நல்லா சத்தம் போடுமே" என்று அண்ணன் சிரிக்கிறார்.

நான் விபாசனா தியானத்தின் பத்து நாள் முகாமுக்குப் போய்வந்து, அதன்பின் வீட்டிலும் தினமும் அமர்கிறேன். இப்போது அமரும் நேரம் முழுக்கக் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மனம் சீக்கிரம் அடங்குவதுபோல இருக்கிறது. உண்மையிலேயே பௌத்தத்தில் இதற்கு இடம் உண்டா? எனக்கு வந்த கண்ணீர் வெறும் பிரமைதானா? இதைத் தொடரலாமா?

கௌசல்யா,
ஈரோடு

அன்புள்ள கௌசல்யா,

உங்கள் அண்ணன் கேலியாகச் சொன்னாலும் விஷயத்தில் பாதியைச் சொல்லிவிட்டார். கையால் அடித்துச் செய்த கிண்ணம் என்றால் அது வெண்கலம்தான். சுமார் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். வேறு ஏதாவது இருந்தால் தாதுவோடு ஒட்டிக்கொண்டு வந்த துளிகளாக இருக்கும். ஏழு உலோகப் பட்டியலில் பாதரசத்தைச் சேர்த்தவர் உலைப் பக்கமே போயிருக்கமாட்டார். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். இந்தக் கலவையையோ 600 டிகிரிக்கு மேல் சிவக்கக் காய்ச்சினால்தான் அடிக்கவே முடியும். தங்கத்தைப் பொறுத்தவரை, இன்றைய விலைக்கு அதில் குறிப்பிடும்படி தங்கம் இருந்திருந்தால் பதினெட்டாயிரத்துக்கு உங்களிடம் கொடுத்திருப்பார்களா?

வெண்கலம்தானே என்று தள்ளிவிடவும் வேண்டாம். எனக்கு இந்த உலோகத்தின் கதை சக்கரக் கதைகளைவிடச் சுவாரசியமானது. வழக்கமான வெண்கலத்தில் வெள்ளீயம் பத்துப் பங்கை ஒட்டி இருக்கும். அதைக் கூட்டக் கூட்ட உலோகம் கடினமாகும், கூடவே நொறுங்கும் குணமும் வரும். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டினால் விரிசல் விட்டுவிடும். ஆனால் 22 பங்கு அளவில், தணலாகச் சிவந்திருக்கும்போது மட்டும் அது அடிக்கு வளைந்துகொடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடித்து, ஆறத் தொடங்கியதும் மறுபடி உலையில் வைத்து, மறுபடி அடித்து, கடைசியில் சூட்டோடு தண்ணீரில் முக்க வேண்டும். அப்படி வந்த பாத்திரம் பொன் நிறமாக மினுங்கும், தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பெருங்கற்காலப் புதைகுழிகளிலும் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் இந்த முறையில் செய்யப்பட்டவை என்பதை உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் காட்டியிருக்கிறார். கொரியாவில் 'பாங்ஜா' என்று சாப்பாட்டுக் கிண்ணம் செய்கிறார்களே, அதுவும் அதே 78க்கு 22 கணக்குதான். வங்காளத்திலும் ஒடிசாவிலும் நேபாளத்திலும் இதே உலோகத்தில் தட்டுகளும் கிண்ணங்களும் செய்து சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். பழைய சிங்கிங் பௌல் என்று இன்று அதிக விலைக்கு விற்கப்படுபவற்றில் பல, நேபாளத்து வீடுகளில் தானியமும் சோறும் வைத்திருந்த பாத்திரங்கள்.

சரி, திபெத்துக்கு வருவோம். திபெத்திய மடாலயத்தில் ஓசைக்குக் குறைவே கிடையாது. ஆள் உயரத்தைத் தாண்டும் தூங்சென் கொம்புகள், நாகசுரம் மாதிரியான கியாலிங், சங்கு, முரசு, ரோல்மோ என்ற பெரிய தாளங்கள், உடுக்கை வடிவில் டமரு, தொடை எலும்பில் செய்த காங்லிங். பூசையில் அமரும் லாமாவின் இடக்கையில் திரில்பு என்கிற மணி, வலக்கையில் வஜ்ரம் என்கிற சிறிய சடங்குக் கருவி. மணி பிரக்ஞையை, அதாவது மெய்யறிவைக் குறிக்கும், வஜ்ரம் கருணையோடு கூடிய உபாயத்தை. எல்லாம் சேர்ந்து முழங்கும்போது முதல்முறை கேட்பவருக்கு வெண்கலக் கடையில் யானை புகுந்ததுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, எந்தச் சடங்கில் எந்த இடத்தில் என்ற முறை இருக்கிறது, பல வருடப் பயிற்சி இருக்கிறது. விளிம்பைத் தேய்த்து ஒலிக்கவிடும் கிண்ணத்துக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. கிண்ணங்கள் இல்லாமல் இல்லை. பீடத்தில் ஏழு கிண்ணங்களை வரிசையாக வைத்து, காலையில் இடமிருந்து வலமாக நீர் நிரப்புவார்கள், மாலையில் கொட்டிக் கவிழ்த்து வைப்பார்கள். அது காணிக்கை. அதை யாரும் தட்டுவதில்லை.

அப்படியானால் 'திபெத்திய' என்ற அடைமொழி எங்கிருந்து வந்தது? 1959க்குப் பிறகு திபெத்திய அகதிகள் நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் வந்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் மேற்கிலிருந்து ஹிப்பிகள் காத்மாண்டுவுக்கு வந்தார்கள். கடைத்தெருவில் வெண்கலக் கிண்ணம் இருந்தது, வாங்குகிறவர்களுக்குத் திபெத் என்ற கனவு இருந்தது. 1972இல் ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் இருவரும் 'திபெத்தியன் பெல்ஸ்' என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். இந்த ஒலியையும் திபெத் என்ற பெயரையும் மேற்கில் சேர்த்துப் பரப்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதன்பின் வியாபாரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. நாடு இழந்த ஒரு மக்களின் பெயரை ஒட்டி விற்கிறார்கள் என்பதால் இதில் வருத்தப்படும் திபெத்தியர்களும் இருக்கிறார்கள். இது எங்களுடையது இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். (வெள்ளையாகப் பனிபோல இருக்கும் 'கிறிஸ்டல்' கிண்ணங்களையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றின் மூதாதை, கணினிச் சில்லுக்கான சிலிக்கனை உருக்கும் குவார்ட்ஸ் மூசை. அதற்கும் யாராவது ஒரு ரிஷியைப் பிடித்துவருவதற்கு ரொம்ப நாள் ஆகாது.)

சக்கர விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஒரு சக்கரத்துக்கு ஒரு சுரம் என்கிற அட்டவணை நவீன மேற்கத்தியச் சரக்கு. பௌத்த தந்திர நூலான ஹேவஜ்ர தந்திரத்தில் சக்கரங்களே நான்குதான். மேலும், ஒரு கிண்ணம் ஒரே சுரத்தில் ஒலிப்பதும் இல்லை. தட்டினால் அடிச்சுருதியோடு இன்னும் சில சுருதிகள் எழும், வீணைத் தந்தியில் வருவதுபோல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற ஒழுங்கில் அவை அமையாது. கையால் செய்த கிண்ணம் முழு வட்டமாக இருக்காது, தடிமனும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் ஒவ்வொரு சுருதியும் மிக நெருக்கமான இரண்டாகப் பிரிந்து ஒன்றோடொன்று மோதும். நீங்கள் கேட்ட அந்த 'வோம்... வோம்...' என்ற ஏற்ற இறக்கம் அதுதான், பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்திருப்பீர்கள். தேய்க்கும்போது கட்டை விளிம்பில் ஒட்டுவதும் வழுக்குவதுமாக நகர்ந்து கிண்ணத்தை அதிர வைக்கிறது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் துளிகள் எம்பிக் குதிக்கும். அது ஏன் என்று 2011இல் டெனிஸ் டெர்வான், ஜான் புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். விளக்கம் தெரிந்தால் அழகு குறைந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. பௌத்தத்தில் கிண்ணத்துக்கு இடம் உண்டா? உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் திபெத்துக்குக் கிழக்கே போகவேண்டும். சீனக் கோயில்களில் 'சிங்' என்ற பெரிய வெண்கலக் கிண்ணம் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் மீன் வடிவ மரக்கட்டை. ஓதும்போது கட்டை தாளம் பிடிக்கும், கிண்ணம் பகுதி மாறும் இடத்தில் ஒரு முறை ஒலிக்கும். ஜப்பானில் அதே பெரிய கிண்ணம் கெய்ஸு. அதன் குட்டி வடிவம் ரின், வீட்டுப் பூசைமாடத்தில் இருக்கும். ஊதுபத்தி ஏற்றி, ரின்னை ஒருமுறை தட்டி, கைகூப்புவார்கள். ஸென் பௌத்தத்தின் சோட்டோ பிரிவு மடத்தில் மணி மூன்று முறை ஒலித்தால் அமர்வு தொடங்கிவிட்டது. இரண்டு முறை என்றால் எழுந்து நடைத்தியானம். ஒருமுறை என்றால் முடிந்தது. ஸென்னைக் கொரியாவில் ஸொன் என்பார்கள், அந்த மடங்களில் இந்த வேலைக்கு வெண்கலம்கூடத் தேவைப்படுவதில்லை, மூங்கில் பிளவு ஒன்றைக் கையில் தட்டுகிறார்கள்.

வியட்நாமிய ஆசான் திக் நாட் ஹான் இந்தக் கிண்ண மணிக்கு இன்னொரு பயனையும் கொடுத்தார். 1982இல் அவர் பிரான்ஸில் தொடங்கிய பிளம் வில்லேஜில் மணி கேட்டால் எல்லோரும் நிற்பார்கள், பேச்சும் வேலையும் நிற்கும், மூன்று மூச்சைக் கவனிப்பார்கள், பிறகு விட்ட இடத்தில் தொடர்வார்கள். மணியைத் தட்டுகிறவர் முதலில் தானே மூச்சைக் கவனித்துக்கொண்டு, கட்டையை விளிம்பில் அழுத்தி அரை ஒலி ஒன்று எழுப்புவார், கேட்பவர்கள் தயாராவதற்காக. அப்புறம்தான் முழு ஒலி. சாப்பாட்டுக் கூடத்துக் கடிகாரம் அடித்தாலும் அங்கே இதே மரியாதைதான்.

இந்த எல்லா இடங்களிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறதா? ஓசை வருகிறது, போய்விடுகிறது, அப்புறம் பயிற்சி நடக்கிறது. நாற்பது நிமிட அமர்வில் வெண்கலத்தின் பங்கு ஒரு நிமிடம்கூட இருக்காது. உங்கள் விடுதியில் நடந்ததோ இதற்குத் தலைகீழ். நாற்பத்தைந்து நிமிடமும் ஓசை, நீங்கள் படுத்துக் கேட்டீர்கள். அது தவறு என்று சொல்லவில்லை. அது இசை கேட்பது. ஓய்வு. பௌத்தர்கள் மணியை வைத்துச் செய்வது வேறு.

பழைய பௌத்தப் பாலி மொழி நூல்கள் இந்த விஷயத்தில் கறாரானவை. எட்டுச் சீலங்கள் என்ற ஒழுக்க நெறிகளை ஏற்பவர் ஆடல், பாடல், கருவியிசையை விட்டுவிடுகிறார், முகாமில் நீங்களும் ஏற்றிருக்கலாம். புத்தரின் உரைகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்தில் ஒரு சிறிய சூத்திரம், தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, ராகம் இழுத்துப் பாடுவதால் வரும் ஐந்து கேடுகளைச் சொல்கிறது. அதில் ஒன்று, குரலுக்கு மெருகேற்றப் பார்ப்பவனின் சமாதி, அதாவது மன ஒருமை, கலைந்துபோகும் என்பது. ஐந்தாம் நூற்றாண்டில் உரையாசிரியர் புத்தகோசர் விசுத்திமக்கம் என்ற நூலில் தியானத்துக்கான பொருள்களாக நாற்பதைத் தருகிறார். மண், நீர், நிறங்கள், பிணம், மூச்சு, மைத்ரி எல்லாம் இருக்கின்றன. ஓசை அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் அதே புத்தகோசர் (காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் உரை ஒன்றின் முடிவில் குறிப்பிடுபவர் என்பதால் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானவர்) மணியை வேறு இடத்தில் கொண்டுவருகிறார். தியானத்தின் முதல் நிலையில் விதக்கம், விசாரம் என்று மனதின் இரண்டு செயல்கள் உண்டு. மனம் ஒரு பொருளில் சென்று படுவது விதக்கம், அது மணியை அடிப்பதைப் போன்றது. பட்ட மனம் அதிலேயே நின்று பழகுவது விசாரம், அது மணியின் ரீங்காரத்தைப் போன்றது. இன்னும் நெருக்கமான ஓர் இடம் மூச்சுத் தியானப் பகுதியில் வருகிறது. பட்டிசம்பிதாமக்கம் என்ற பழைய நூலிலிருந்து அவர் எடுத்துக்காட்டுவது அது. வெண்கலத்தைத் தட்டினால் முதலில் பருத்த ஓசை கேட்கும், மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். அது அடங்கியதும் நுண்ணிய ஓசை, மனம் அதைத் தொடரும். அதுவும் அடங்கிய பிறகு, கேட்ட நுண்ணோசையின் தடத்தையே பற்றி மனம் நிற்கும். மூச்சும் அப்படித்தான், கவனிக்கக் கவனிக்க மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும், பயந்து எழுந்துவிடாதே என்கிறார்கள். தினமும் அமர்கிற உங்களுக்கு இது எந்த இடம் என்று தெரிந்திருக்கும். மூச்சு காணாமல் போனதுபோலத் தோன்றி, அதைத் தேடுவதற்காகவே பலர் வேகமாக மூச்சை இழுப்பார்கள்.

தம்மபதத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். 134ஆவது பாடல். குண்டதானர் என்ற பிட்சு மற்றவர்களோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது புத்தர் அவரிடம் சொன்னதாக உரை சொல்கிறது. உடைந்த வெண்கலம்போல நீ உன்னை ஒலிக்காமல் வைத்துக்கொண்டால் நிப்பாணத்தை (நிர்வாணம் என்ற விடுதலையை) அடைந்தவனே, உன்னிடம் சச்சரவு இல்லை என்கிறது பாடல். உரையாசிரியர் இன்னும் விவரமாகப் படம் போடுகிறார்: விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு அடித்தட்டை மட்டும் வைத்தது போல, கையால் தட்டினாலும் காலால் தட்டினாலும் கம்பால் அடித்தாலும் சத்தம் வராது. நீங்கள் தேய்க்கிறீர்களே அந்த விளிம்பையே வெட்டிவிடச் சொல்கிறார் மனிதர். புத்தர் காலத்திலிருந்து பிட்சுக்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னவரிடம் இந்தப் பாடலை மட்டும் காட்டினால் போதும்.

அடுத்தது உங்கள் கண்ணீர். அதில் பொய் எதுவும் இல்லை. விற்றவர் சொன்ன வரலாறு தவறு என்பதால் உங்களுக்கு நடந்தது நடக்காததாகிவிடாது. வேலை, வீடு, கைப்பேசி என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை முக்கால் மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் அரையிருட்டில் படுக்கவைத்தாலே பாதிப் பேருக்குக் கண் கலங்கும். அதோடு மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஓசை. கலிஃபோர்னியாவில் 62 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கிண்ண ஓசை அமர்வுக்குப் பிறகு இறுக்கமும் கோபமும் சோர்வும் குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். முதல்முறை வந்தவர்களுக்கு இறுக்கம் இன்னும் அதிகமாகக் குறைந்ததாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. சும்மா படுத்திருந்தாலோ வேறு இசை கேட்டாலோ இதே பலன் கிடைத்திருக்குமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இளைப்பாறுதல் என்று சொல்லிக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். நோய் தீரும், மாத்திரையை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. அமரும் நேரம் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனம் சீக்கிரம் அடங்குவதுபோல இருப்பதில் வியப்பில்லை. மூச்சைவிட ஓசை பருமனானது, இனிமையானது, கை வேறு அதைச் செய்துகொண்டிருக்கிறது. மனத்துக்கு விளையாட ஒரு பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் கட்டையின் வேகம் குறைந்தால் ஓசை பிசிறும், அதைச் சரிசெய்யவே உங்கள் கவனம் போகும். அங்குத்தர நிகாயம் சொல்லும் மெருகேற்றும் ஆசை அதேதான். நீங்கள் கற்ற முறையில் மூச்சும் உடலில் எழும் உணர்வும்தான் பொருள், அவற்றில் பிடித்தது பிடிக்காதது இரண்டையும் ஒன்றுபோலப் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். இடைவிடாத இனிய ஓசையை மேலே போர்த்திவிட்டால் முட்டிவலியும் சலிப்பும் தெரியாது. அவை தெரியவேண்டும் என்பதற்காகத்தானே அமர்கிறீர்கள்?

கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கவேண்டாம். அமர்ந்ததும் ஒருமுறை தட்டுங்கள், கம்பளி சுற்றிய கட்டை இருந்தால் அதனால். ஓசை மெலிந்து போவதைக் கடைசிவரை கேளுங்கள். எங்கே நின்றது என்று சொல்ல முடியாத ஓர் இடம் வரும், அங்கிருந்து மூச்சுக்குப் போய்விடுங்கள். முடிக்கும்போது இன்னொரு தட்டு. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தபின், கிண்ணமே இல்லாமல் அமர்ந்து பாருங்கள். அமர முடியவில்லை என்றால் அதைக் கொஞ்ச நாள் அலமாரிக்குள் வைத்துவிடுவது நல்லது. கீழே போட்டுவிடாதீர்கள், இந்த வெண்கலம் நசுங்காது, விரிசல் விடும். விரிசல் விட்டால் ஒட்டவைத்தாலும் ஓசை திரும்பாது.

அடுத்த பத்து நாள் முகாமுக்குப் போகும்போது அதை எடுத்துப்போக வேண்டாம், இசைக்கருவிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. மணியை அவர்களே அடிப்பார்கள், விடிகாலை நான்கு மணிக்கு.

அன்புடன்